ரெஸ்யூமில் எதை எழுதுவது? டெவலப்பர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: "எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிக்கொள்வது?" கல்லூரியில் இருப்பவர், ஆறு வருடம் வேலை பார்த்தவர், மகளுக்காகக் கேட்கும் அம்மா என்று எல்லோரும் இதையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். ரெஸ்யூமில் சி, ஜாவா, பைத்தான், ரியாக்ட், மைஎஸ்க்யூஎல், மாங்கோடிபி, டாக்கர், ஏடபிள்யூஎஸ், மெஷின் லேர்னிங், இன்னும் சில என்று மொத்தம் 14 திறமைகள் போட்டிருந்தேன். கேம்பஸ் இன்டர்வியூவில் ஜாவாவின் ஹேஷ்மேப் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார்கள், பதில் வரவில்லை. எதை எடுக்கட்டும், எதை வைக்கட்டும்? (மாணவர், விருதுநகர்)

பதில்: தம்பி, அந்தக் கேள்வியைக் கேட்டவர் உங்களை மடக்குவதற்காகக் கேட்டிருக்க மாட்டார். பல வருடங்களாக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எதிரில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றுதான் நாங்கள் பார்ப்போம், ரெஸ்யூமில் முன்னால் இருக்கிற பெயரை எடுப்பது அதனால்தான். உங்கள் பட்டியலில் ஜாவா முன்னால் இருந்தது, கேட்டார், அவ்வளவுதான்.

முதலில் அந்த ஹேஷ்மேப்பை, அதாவது ஒன்றைச் சொன்னால் அதற்குரிய தகவலைச் சட்டென்று எடுத்துத் தரும் அமைப்பை, முடித்துவிடுவோம். இன்று ராத்திரியே 20 வரியில் ஒரு புரோகிராம் எழுதிப் பாருங்கள். மாணவர் என்று ஒரு கிளாஸ், அதில் ரோல் நம்பர் மட்டும். இரண்டு மாணவர்களின் ரோல் நம்பர் ஒன்றாக இருந்தால் இருவரும் ஒருவரே என்று சொல்லும் ஈக்வல்ஸ் மெத்தடை எழுதுங்கள், ஹேஷ்கோட் மெத்தடை எழுதாமல் விட்டுவிடுங்கள். ஒரு மாணவரை ஹேஷ்மேப்பில் போடுங்கள். பிறகு அதே ரோல் நம்பரோடு புதிதாக ஒரு மாணவரை உருவாக்கி, அவரைக் கொண்டு தேடுங்கள். அநேகமாக நல் (null, அதாவது ஒன்றுமில்லை) என்று வரும். போட்டது உள்ளேதான் இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை. ஏனென்றால் ஹேஷ்மேப் முதலில் ஹேஷ்கோடை வைத்து எந்தப் பெட்டியில் பார்ப்பது என்று முடிவு செய்கிறது, அந்தப் பெட்டிக்குப் போன பிறகுதான் ஈக்வல்ஸைக் கூப்பிட்டு ஒப்பிடுகிறது. நீங்கள் ஹேஷ்கோட் எழுதாததால் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஜாவா அதன் போக்கில் ஓர் எண்ணைக் கொடுக்கிறது, தேடல் வேறு பெட்டியில் போய் நிற்கிறது. ஆளை அடையாளம் தெரியும், ஆனால் தெரு மாறிப் போய்விட்டது. ஒரே பெட்டியில் நெரிசல் அதிகமானால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வரும், பெட்டிக்குள் இருப்பவை ஒரு சங்கிலியாகக் கோத்திருக்கும், 2014இல் வந்த ஜாவா 8 முதல் அந்தச் சங்கிலி ஒரு மரமாக மாறிக்கொள்கிறது, தேடுவது வேகமாகிறது. இதைக் கையால் ஒரு தடவை செய்து பார்த்தவருக்கு மனப்பாடம் தேவைப்படாது.

இப்போது பட்டியலுக்கு வருவோம். 14ஐயும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதை வைத்து நான் செய்தபோது எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தேன்" என்று ஒரு வரி எழுதப் பாருங்கள். வரி வராதவற்றை எடுத்துவிடுங்கள். டாக்கர் பற்றி வீடியோ பார்த்ததும் டாக்கரில் உங்கள் அப்ளிகேஷனை ஏற்றி, டேட்டாபேஸோடு அது பேசாமல் இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டதும் ஒன்றாகாது. நான்கு மிஞ்சினாலும் போதும். மிஞ்சியதையும் வெறும் பெயராக வைக்காதீர்கள். "மைஎஸ்க்யூஎல்" என்று எழுதுவதைவிட, "கல்லூரி நூலகத்துக்கு 6 டேபிளில் டேட்டாபேஸ் அமைத்தேன், ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் இரண்டு பேர் எடுத்துவிடாமலிருக்க டிரான்ஸாக்‌ஷன் பயன்படுத்தினேன்" என்று எழுதினால், கேட்பவர் அதிலிருந்துதான் கேட்பார், நீங்களும் செய்ததைச் சொல்வீர்கள். (செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள். செய்யாததை எழுதியது மூன்றாவது கேள்வியில் வெளியே வந்துவிடும்.)

கேள்வி: என் மகள் பி.காம் முடித்திருக்கிறாள். புரோகிராமிங் கற்று அந்த வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். கணக்கியல் படித்தவளுக்கு இதெல்லாம் வருமா? மூன்று வருடப் படிப்பு வீணாகிவிடாதா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வரும் அம்மா. வீணாகாது, உண்மையில் அந்தப் படிப்பே அவருக்குக் கை கொடுக்கும். ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், மகளிடம் காட்டுங்கள். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் விடை 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் தப்பாகக் கூட்டவில்லை. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.3333 என்று எழுதிக்கொண்டே போனாலும் முடிவதில்லை அல்லவா, அதுபோல கம்ப்யூட்டர் பயன்படுத்தும், 0, 1 மட்டுமே உள்ள இரண்டடிமான எண்முறையில் பத்தில் ஒரு பங்கை முழுதாக எழுத முடியாது, ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். இது தெரியாமல் பணத்தைத் தசம எண்ணாக வைத்து பில்லிங் மென்பொருள் எழுதுகிற இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். பணத்தைப் பைசாவாக முழு எண்ணில் வைக்க வேண்டும், அல்லது ஜாவாவில் பிக்டெசிமல் போல இதற்கென்றே இருப்பதைப் பயன்படுத்த வேண்டும்.

அதற்கு மேல் கணக்கு தெரிந்தவருக்கு மட்டுமே தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. ரூ.10.04 விலையுள்ள பொருள் 10 வாங்கினால், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதத்தை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பைசாவுக்கு முழுமையாக்கினால் 90 பைசா வீதம் ரூ.9.00 வரும், மொத்தம் ரூ.100.40க்குக் கணக்கிட்டால் ரூ.9.04 வரும். எங்கே முழுமையாக்குவது என்று முதல் நாளே கேட்கிற டெவலப்பர் டீமில் இருந்தால், மாதக் கடைசியில் கணக்குப் பிரிவும் மென்பொருள் பிரிவும் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உங்கள் மகள் அந்த டெவலப்பராக இருக்க முடியும். எட்டு மாதமோ ஒரு வருடமோ தினமும் உட்கார வேண்டியிருக்கும், அந்த நேரத்தை வீட்டில் கொடுங்கள்.

கேள்வி: முதலில் பைத்தானா, ஜாவாவா, சி-யா? (வாசகர், சேலம்)

பதில்: பைத்தான். கேட்டுக்கொண்டே இருக்காமல் இன்று ஆரம்பிக்கத் தோதானது அதுதான். சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த், ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் எடுத்த பைத்தான் வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அதைப் பாருங்கள். ஒரு மொழியில் ஒழுங்காக யோசிக்க வந்துவிட்டால் அடுத்தது அத்தனை பாடாக இருக்காது.

கேள்வி: ஆறு வருடமாக மெயின்டனன்ஸ் புராஜெக்ட். யாரோ எப்போதோ எழுதிய ஜாவா, அதில் டிக்கெட், அதாவது பதிவான புகார், வந்தால் பார்த்து மூடுவதுதான் வேலை. சொந்தமாக ஒரு அப்ளிகேஷன்கூட ஆரம்பத்திலிருந்து எழுதியதில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் மைக்ரோசர்வீஸ், கிளவுட் என்று பேசும்போது எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது. (வாசகர், பெருங்குடி, சென்னை)

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். உங்களிடம் இருப்பது என்னவென்று உங்களுக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் இருந்த ஓர் அலுவலகத்தில் ரசீது அச்சிடும் மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் மட்டும் இருந்த பெயர்களைத் தமிழிலும் அச்சிடலாம் என்று மாற்றினோம். மாற்றிய வாரமே புகார். சிலருடைய பெயர் மட்டும் வெட்டுப்படுகிறது. கனகவரதன் சரியாக வருகிறார், முருகானந்தம் மட்டும் "முருகானந்த" என்று நின்று, அதற்குப் பின்னால் கட்டம் போல ஒரு குப்பை எழுத்து விழுகிறது. இரண்டு பெயருமே ஏழு எழுத்துதான், எண்ணிப் பாருங்கள். பிரின்டர் டிரைவர் கோளாறு என்றார் ஒருவர், எழுத்துரு சரியில்லை என்றார் இன்னொருவர், நான் எழுத்துரு கட்சி. புது எழுத்துரு போட்டோம், அதுவும் அப்படியே வெட்டியது. இரண்டு நாள் போய்விட்டது.

எங்கள் டீமில் பழைய புரோகிராம்களைப் பராமரிக்கும் வேலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், யாரும் கேட்காமலே ஒரு காரியம் செய்தார். அன்றைய ரசீதுகளில் 40ஐ எடுத்து, சரியாக வந்த பெயர்களை ஒரு பக்கமும் வெட்டுப்பட்டவற்றை மறுபக்கமும் எழுதினார். பெயரின் நீளத்தில் எழுத்துக்கணக்கு ஒத்துவரவில்லை. அப்புறம் அவர் எழுத்துகளை யூனிகோடு (கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை) எண்ணுகிற மாதிரி எண்ணினார். யூனிகோடில் "கா" என்பது ஒன்றாக இல்லை, க தனி, துணைக்கால் தனி. "ம்" என்றால் ம தனி, புள்ளி தனி. அப்படி எண்ணினால் கனகவரதன் 8, முருகானந்தம் 12. அதைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக ஒன்று 24 பைட், மற்றது 36 பைட். ராஜலட்சுமி 10, அதாவது 30 பைட், சரியாக வந்த பட்டியலில் இருந்தார். 11ஐத் தொட்ட ஒவ்வொரு பெயரும் வெட்டுப்பட்ட பட்டியலில். அப்படியென்றால் எங்கோ 30க்கும் 33க்கும் நடுவில் ஒரு எல்லை இருக்கிறது என்று, நிரலுக்குள் போகும் முன்பே சொல்லிவிட்டார். போய்த் தேடினால், 32 பைட்டில் வெட்டும் ஒரு பழைய வரி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான், ஒரு பெயருக்கு 32 எழுத்து தாராளம் என்று யாரோ எப்போதோ வைத்தது. அந்தக் குப்பை எழுத்து, 10 எழுத்துகளுக்கு 30 பைட் போக மிஞ்சிய 2 பைட், பாதியில் அறுபட்ட 11ஆவது எழுத்து. எல்லைக் கணக்கைப் பைட்டிலிருந்து மாற்றி, மெய்யையும் அதன் குறியையும் பிரிக்காமல் வெட்டும்படி திருத்தினோம், சரியானது.

அந்தப் பெண் புதிதாக எழுதியது பத்து வரிகூட இருக்காது. ஆனால் அந்த அறையில் இருந்தவர்களில் திறமையான டெவலப்பர் யார் என்று என்னைக் கேட்டால் இன்றும் அவரைத்தான் சொல்வேன். எல்லோரும் ஊகித்துக்கொண்டிருந்தபோது அவர் பிரித்துப் பார்த்தார். ஆறு வருடமாக நீங்கள் தினமும் செய்துகொண்டிருப்பது இதுதான்: முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலைப் படித்து அவர் என்ன நினைத்து எழுதினார் என்று கண்டுபிடிப்பது, புரோகிராம் ஓடும்போது பதிவாகும் லாகில் ஆயிரம் வரிக்கு நடுவே முதலில் தவறு தெரியும் வரியைப் பிடிப்பது, ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று உடையாமல் பார்த்துக்கொள்வது. ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் கை வைப்பதற்கு வேண்டிய நிதானம் புதிதாக எழுதுபவர்களுக்குச் சீக்கிரம் வருவதில்லை.

உங்களுக்கு இல்லாதது, செய்ததைக் குறித்துவைக்கும் பழக்கம். இன்றிலிருந்து மூடும் ஒவ்வொரு பெரிய டிக்கெட்டுக்கும் நான்கு வரி எழுதிவையுங்கள், என்ன புகார், முதலில் என்ன நினைத்தீர்கள், உண்மையில் எது, எப்படித் தெரிந்தது. முதலில் தப்பாக நினைத்ததையும் எழுத வேண்டும், இன்டர்வியூவில் அதுதான் நம்பவைக்கும். அதோடு, நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் கமிட் என்று பதிந்துவைக்கும் கிட் கருவியில், பைசெக்ட் என்ற கட்டளையைப் பழகியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே பழகுங்கள். நன்றாக ஓடிய ஒரு கமிட், ஓடாத ஒரு கமிட் இரண்டையும் காட்டினால் அது நடுவில் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போகும். நடுவில் 1,000 கமிட் இருந்தாலும் 10 தடவை சோதித்தால் எந்த மாற்றத்தில் உடைந்தது என்று கையில் கொடுத்துவிடும். பழைய நிரலோடு வாழ்கிறவர்களுக்கு இதைவிட உபயோகமான கருவியை நான் பார்த்ததில்லை.

மைக்ரோசர்வீஸும் கிளவுடும் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடத்தில் கற்றுவிடலாம். உங்களிடம் இருப்பதை ஒரு வருடத்தில் வாங்க முடியாது.

கேள்வி: மூன்று வருட அனுபவம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு கோடி வரி இருக்கும் டேபிளில் நான் எழுதிய குவெரி 40 விநாடி எடுக்கிறது. தேதி இருக்கும் நெடுவரிசையில் இன்டெக்ஸ் இருக்கிறது, இருந்தும் இப்படி. எங்கே கோட்டை விட்டேன்? (வாசகி, கோவை)

பதில்: குவெரியை அனுப்பியிருந்ததால் சுலபமாகிவிட்டது. ஆண்டு எது என்று எடுக்கும் ஃபங்ஷனைத் தேதி நெடுவரிசையின்மேல் போட்டு, அது 2024க்குச் சமமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்டெக்ஸ் என்பது தேதிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் மரம். நீங்கள் கேட்பது தேதியை அல்ல, தேதியிலிருந்து கணக்கிட்டு எடுத்த இன்னொன்றை, அது அந்த மரத்தில் இல்லை, அதனால் டேட்டாபேஸ் ஒரு கோடி வரியையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கிறது. 2024 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், 2025 ஜனவரி 1க்கு முன் என்று தேதியை அப்படியே ஒப்பிட்டு எழுதுங்கள், இன்டெக்ஸுக்கு வழி திறக்கும். ஒரு வருடம் என்பதே டேபிளில் பாதியாக இருந்தால் அப்போதும் பெரிய லாபம் இருக்காது, பாதியைப் படிக்க இன்டெக்ஸ் வழியாகப் போவது சுற்றுவழி.

குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டினால் டேட்டாபேஸ் என்ன வழியில் போகப்போகிறது என்று அதுவே சொல்லும். எஸ்க்யூஎல் எழுதத் தெரிவது ஒன்று, எக்ஸ்ப்ளெய்ன் சொல்வதைப் படிக்கத் தெரிவது அடுத்த படி. மூன்று வருடத்தில் நீங்கள் அந்தப் படியில் கால் வைத்துவிட்டீர்கள், இன்டெக்ஸ் இருந்தும் ஏன் என்று கேட்கத் தோன்றியதே.

கேள்வி: இப்போது ஏஐ கேட்டதையெல்லாம் எழுதித் தருகிறது. இனிமேல் அல்காரிதம், டேட்டா ஸ்ட்ரக்சர் எல்லாம் உட்கார்ந்து படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா? (வாசகர், மதுரை)

பதில்: இருக்கிறது. நானும் தினமும் ஏஐயைப் பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சமாகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது தருவது சரியா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

பைனரி சர்ச் எல்லோரும் முதல் வருடத்தில் படிப்பது. வரிசையாக அடுக்கிய பட்டியலில் நடுவில் பார், இடதா வலதா என்று முடிவு செய், பாதியை விட்டுவிடு. 10 லட்சம் பெயரில் தேட 20 ஒப்பீடு போதும். ஜாவாவோடு வரும் நிரல் நூலகத்திலேயே இருந்த பைனரி சர்ச்சில் ஒரு பிழை சுமார் 9 வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். நடுவைக் கண்டுபிடிக்கத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரிதான் பிழை. படித்தால் எந்தத் தப்பும் தெரியாது. ஆனால் ஜாவாவில் இன்ட் என்ற முழு எண் வகை 2147483647க்கு மேல் தாங்காது, பட்டியல் 100 கோடியைத் தாண்டும் அளவுக்குப் பெரிதானால் அந்தக் கூட்டல் வழிந்து எதிர்மறை எண்ணாகிவிடும். இரண்டையும் கழித்து, பாதியாக்கி, தொடக்கத்தோடு கூட்டினால் சரி.

நன்றாகத் தெரிந்த மனிதர்கள் பார்த்தும் தப்பியது அது. ஏஐ ஒரு நாளைக்கு ஆயிரம் வரி தருகிறது, அதில் ஒவ்வொரு வரியும் பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். பயனர் டைப் செய்ததை அப்படியே ஒட்டி எஸ்க்யூஎல் வாக்கியமாக்கும் ஒரு வரி நடுவில் இருந்தால், யார் வேண்டுமானாலும் உங்கள் டேட்டாபேஸுக்குள் நுழையலாம். அந்த வரியில் கண் நிற்க வேண்டும். கண் நிற்பதற்கு நீங்கள் ஒரு தடவையாவது கையால் எழுதி, கையால் உடைத்துப் பார்த்திருக்க வேண்டும். படிக்கிற காலத்தில் முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு ஏஐயிடம் கேளுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து எங்கே மாறுகிறது என்று பாருங்கள். முதலிலேயே அதைக் கேட்டுவிட்டால் ஒப்பிட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

கேள்வி: பிளஸ் டூ வரை தமிழ் வழியில், அரசுப் பள்ளியில் படித்தேன். புரோகிராம் எழுத வருகிறது. மீட்டிங்கில் பேச வரவில்லை. இதனால் பின்தங்கிவிடுவேனா? (வாசகர், தருமபுரி)

பதில்: மீட்டிங்கில் பேசுவதில் கொஞ்ச காலம் பின்தங்குவீர்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வேலையில் அதைவிட அதிகமாகத் தேவைப்படும் ஆங்கிலம் வேறு, எர்ரர் மெசேஜைக் கடைசி வரை படிப்பது, ஆவணங்களைப் படிப்பது, தெளிவாக நான்கு வரி எழுதுவது. நீளமான எர்ரர் வந்தால் பாதிப் பேர் முதல் வரியைப் பார்த்துவிட்டு கூகுளுக்கு ஓடுகிறார்கள், பல சமயம் விடை கீழே "காரணம் இது" என்று தொடங்கும் வரியில் இருக்கும். அகராதியை வைத்துக்கொண்டாவது முழுதும் படியுங்கள், மூன்று மாதத்தில் அந்த ஆங்கிலம் பழகிவிடும், அதில் சொற்கள் மிகவும் குறைவு.

கருத்தை முதலில் தமிழில் பிடித்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. கணியம் அறக்கட்டளை லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றைத் தமிழிலேயே எழுதி இலவச மின்னூல்களாகத் தருகிறது. பைத்தானில் ஓபன் தமிழ் என்று ஒரு திறந்தமூல நூலகம் இருக்கிறது, மேலே சொன்ன முருகானந்தம் கதையில் வந்ததே, தமிழ் எழுத்தை எழுத்தாக எண்ணுவது, அதைச் செய்து தருவது. அதன் சோர்ஸைத் திறந்து படியுங்கள். தமிழ் எழுத்து எப்படிச் சேர்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு ஆங்கில வழியில் படித்த பலருக்குத் தெரியாது, அங்கே நீங்கள் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினால் அது உலகமே பார்க்கும் இடத்தில் உங்கள் பெயரில் நிற்கும். மீட்டிங்கிற்கு, பேசப்போகும் மூன்று வரியை முன்னாலேயே எழுதிக்கொண்டு போங்கள். பார்த்தே வாசியுங்கள், பரவாயில்லை.

கேள்வி: கற்றுக்கொள்வதற்கு 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் போதுமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பைத்தான், ஜாவா, எஸ்க்யூஎல், வெப் எல்லாவற்றுக்கும் போதும், லினக்ஸ் போட்டுக்கொண்டால் இன்னும் லேசாக ஓடும். போன் அப்ளிகேஷன் எழுதும் ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவையும், கம்ப்யூட்டருக்குள் போனைப் போல ஓடும் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்டுவதென்றால்தான் 16 தேவைப்படும், அதற்கும் எமுலேட்டருக்குப் பதில் உங்கள் போனையே கேபிளில் இணைத்துச் சோதிக்கலாம். வாங்குகிற காசு இருந்தால் முதலில் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள்.